பாடம் 8: மழையா, வெண்பனியா?

பெப்ரவரி மாதம். ஒஸ்லோ நகர நடுவில் மழை தூறுகிறது. கயலும் அப்பாவும் பனிச்சறுக்குக் கட்டைகளுடன் 1ஆம் இலக்க நிலக்கீழ் தொடருந்தில் ஏறுகிறார்கள்.

கயல்: அப்பா, இஞ்ச மழை பெய்யுது. மேல போய் என்னெண்டு சறுக்கிறது?

அப்பா: பொறு பிள்ளை, போய்ப் பாப்பம்.

தொடருந்து மலையில் ஏறுகிறது, ஹொல்மென்கொலனைத் தாண்டுகிறது. கடைசித் தரிப்பிடம் ஃப்ரொக்னர்செத்தரன். அது கடல்மட்டத்திலிருந்து 469 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வெண்பனி கொட்டுகிறது!

கயல்: ஒரே நகரம், ஒரே நாள். ஏன் இப்பிடி?

அப்பா: குளிர்காலத்தில முகிலுக்குள்ள ரெண்டும் பனியாத்தான் தொடங்குது. கீழ வரேக்க காற்று சூடா இருந்தா, உருகி மழையாகுது. 100 மீற்றர் ஏறினா வெப்பநிலை அரைப் பாகைக்குக் கிட்டக் குறையும். கீழ 2 பாகை எண்டா இஞ்ச பூச்சியத்துக்குக் கீழ.

கயல்: அப்ப காற்று இன்னும் சூடானா?

அப்பா: இஞ்சயும் மழைதான் பெய்யும்.

பூமி சூடாகும்போது, மழைக்கும் பனிக்கும் இடையிலான எல்லை மலையில் மேலே ஏறுகிறது. ஒஸ்லோவைச் சுற்றியுள்ள நூர்மார்க்கா காட்டில், பனியில் சறுக்கக்கூடிய நாட்கள் முன்பைவிடக் குறைந்துவிட்டன.

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். வெப்பநிலை 1 பாகை கூடினால், காற்றில் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவி இருக்க முடியும். அதனால் பெய்யும் மழை பெருமழையாகிறது. 2023 ஓகஸ்டில் ‘ஹான்ஸ்’ புயல் வந்தபோது, தென் நோர்வேயில் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன. இத்தகைய பெருமழைகள் இனிக் கூடும். ஆனால் மிகக் குளிரான உயர்மலைகளில் அதே நீராவி பனியாகவே விழும். அங்கே சில ஆண்டுகளில் பனி கூடவும் செய்யலாம்.

பனி விளையாடுவதற்கு மட்டுமா? இல்லை. அது தண்ணீர்ச் சேமிப்பு. நூர்மார்க்காவின் பனி வசந்தகாலத்தில் மெல்ல உருகி, மாரிதால்ஸ்வான்னெ ஏரியைச் சேர்கிறது. ஒஸ்லோ மக்களின் குடிநீரில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. மழையோ பெய்தவுடன் ஓடிவிடும்.

அருஞ்சொற்கள்
முகில் – மேகம்
பாகை – வெப்பநிலையை அளக்கும் அலகு
நீராவி – காற்றில் கலந்திருக்கும் நீர்
மண்சரிவு – மலைமண் சரிந்து விழுதல்

பயிற்சி
1. நகரத்தில் மழையும் மலையில் பனியும் பெய்தது ஏன்?
2. பனியை ‘தண்ணீர்ச் சேமிப்பு’ என்று ஏன் சொல்கிறோம்?
3. எழுத்துத் தமிழில் எழுதுக: இஞ்ச, பாப்பம், என்னெண்டு, வரேக்க.
4. உங்கள் அம்மம்மா அல்லது அப்பப்பாவிடம் ஊர் மாரிமழை பற்றிக் கேட்டு ஐந்து வசனம் எழுதுக.