குற்றாலத்துத் தண்ணீரும் புன்னைக்காயல் இறாலும்

சாரல் சீசனுக்குக் குற்றாலம் போறீங்களா? அருவியில் தலையைக் காட்டும்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். இந்தத் தண்ணீர் இங்கிருந்து எங்கே போகுது?

பேரருவியில் விழுவது சிற்றாறு. அது தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. தாமிரபரணி, திருவைகுண்டம் அணையைத் தாண்டி, தூத்துக்குடி மாவட்டம் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆறும் கடலும் சேரும் அந்தக் கழிமுகத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது. அங்கே வாழும் மிகச் சிறிய உயிர்களைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

யார் இந்தச் சிறிய உயிர்கள்?

நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாமல், அது போகும் போக்கில் மிதந்து வாழும் சின்ன விலங்குகளை விலங்கு மிதவை உயிரிகள் என்கிறோம். கழிமுகங்களில் இவற்றில் பெரும்பாலும் அதிகமாக இருப்பவை துடுப்புக்காலிகள். பல வகைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம்தான். இறால், நண்டு, சிப்பி ஆகியவற்றின் இளம் பருவமும் இந்த மிதவைக் கூட்டத்தில்தான் கழிகிறது.

மீனுக்கு முதல் சோறு

அலையாத்தி இலை உதிர்ந்து அழுகும்போது அதன் மேல் பாக்டீரியா படர்கிறது. அந்தத் துகள்களையும் நுண்பாசிகளையும் மிதவை உயிரிகள் தின்கின்றன. முட்டையிலிருந்து வந்த மீன்குஞ்சின் வாய் மிகச் சிறியது. துடுப்புக்காலியின் குஞ்சுதான் அதற்கு ஏற்ற அளவு இரை. அந்தச் சில நாளில் இரை கிடைக்காவிட்டால் குஞ்சு பிழைக்காது. நாம் உண்ணும் பல இறால் வகைகள் கடலில் முட்டையிடுகின்றன. அவற்றின் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து, வேர்களுக்கு இடையே ஒளிந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. இந்தச் சங்கிலி அறுந்தால் மீனவர் வலையிலும் நம்ம வீட்டுக் குழம்புச் சட்டியிலும் அது தெரியும்.

எதனால் ஆபத்து?

முதலாவது, நன்னீர் குறைவது. ஆற்றுநீர் வரத்து குறைந்தால் கழிமுகத்தின் உப்புத்தன்மை ஏறும். அதைத் தாங்கும் இனங்கள் மட்டுமே மிஞ்சும். இரண்டாவது, கழிவுநீர். சோப்பு, ஷாம்பு ஆகியவற்றின் நுரைப்பொருள்கள் நீர்வாழ் சிற்றுயிர்களுக்கு நஞ்சு. மூன்றாவது, பிளாஸ்டிக். அது நொறுங்கி நுண்துகளாகும்போது, இரை என்று நினைத்து மிதவை உயிரிகள் விழுங்குகின்றன. குற்றாலத்தில் ஒருவர் விடும் நுரை அப்படியே கடல்வரை போகாது. ஆனால் வழியெல்லாம் ஊருக்கு ஊர் சேர்ந்தால்?

நீங்களே பாருங்கள்

கடலுக்குப் போக வேண்டாம். உங்க ஊர்க் குளத்துத் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து, இருட்டில் ஒரு பக்கமாக செல்போன் டார்ச்சைக் காட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி வெளிச்சத்தை நோக்கி வரலாம். அவை நன்னீர்த் துடுப்புக்காலிகளாகவோ நீர்த்தெள்ளுகளாகவோ இருக்கும். கழிமுகத்து உயிர்களுக்குச் சொந்தக்காரர்கள்! பார்த்தபின் குளத்திலேயே விட்டுவிடுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

• அருவியிலும் ஆற்றிலும் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் வேண்டாம். ஷாம்பு பாக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

• பழைய துணியையும் பிளாஸ்டிக் பையையும் தண்ணீரில் விடாதீர்கள்.

• அலையாத்திக் காடுகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. 1,000 சதுர மீட்டருக்கு மேல் பரவிய காடு என்றால், அதைச் சுற்றி 50 மீட்டரும் அந்தப் பாதுகாப்பில் வரும். அங்கே மரம் வெட்டுவதையோ மண் கொட்டுவதையோ பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

• ஆற்றில் கழிவுநீர் கலந்தால் இடம், தேதி, படத்தோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

தென்காசிக்காரர் ஆற்றைச் சுத்தமாக அனுப்பினால், புன்னைக்காயலில் ஒரு மீன்குஞ்சுக்கு முதல் இரை கிடைக்கும்.