வயலில் கிடை போடும் முன்

அப்பாவிடமிருந்து வயலை ஏற்று நடத்தத் தொடங்கியிருக்கும் நெடுங்காடு, திருநள்ளாறு, கோட்டுச்சேரிப் பக்கத்துப் பிள்ளைகள் முதல் கோடையிலேயே பழக வேண்டிய வேலை, ஆட்டுக்கிடை பேசி முடிப்பது. அறுவடைக்குப் பின் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைக்கு வருகிறார்கள். பகலில் மேய்ச்சல், இரவில் வயலில் கிடை. வீடும் வேலையிடமும் அவர்களுக்கு அந்த வயல்தான். கிடை உங்கள் வயலில் இருக்கும்வரை வேலை கொடுப்பவர் நீங்கள். அந்தப் பொறுப்போடு பேசுங்கள்.

ஆட்டெருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம். தொழுவுரத்தில் அரை சதவீதம்தான். கிடை போட்டால் மூத்திரமும் மண்ணிலேயே இறங்கும், வண்டிக்கூலியும் கிடையாது. ‘ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்’ என்று பெரியவர்கள் சொல்வது சரிதான்.

உளுந்து, பயறு எடுத்து முடித்த வயலுக்கு மட்டும் கிடையைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் பக்கத்து வயல்காரரைப் பாருங்கள். நம் பகுதியில் நெல் தரிசில் பருத்தி போடுகிறவர்கள் உண்டு. என்றைக்கு மருந்து அடித்தார், இனி எப்போது அடிப்பார் என்று கேட்டு, கீதாரியை அழைத்துப்போய் அந்த வரப்பையே காட்டிவிடுங்கள். மருந்து பட்ட புல்லை மேய்ந்தால் ஆடுகள் செத்துவிழும். ஒரு குடும்பத்தின் சொத்து ஒரே ராத்திரியில் போய்விடும். அறுவடை மெஷின் நெல்லைக் கொட்டிய இடத்தில் சிதறிய மணியையும் கூட்டி அள்ளிவிடுங்கள். வயிறுமுட்ட நெல் தின்ற ஆடு உப்பிச் சாகும். நிரவி, திருமலைராயன்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர் என்றால் போர்த் தண்ணீரை நீங்களே வாயில் ஊற்றிப் பாருங்கள். உப்புக் கரித்தால் ஆட்டுக்கும் ஆளுக்கும் நல்ல தண்ணீர் கொண்டுவருவது உங்கள் வேலை.

பிறகு பேச்சு. “அண்ணே, எத்தனை உருப்படி, எத்தனை ராத்திரி?” என்று தொடங்குங்கள். கூலி பணமா, நெல்லா? கோடை மழையில் கிடை கலைந்தால் அந்த இரவுக்கு என்ன கணக்கு? சாப்பாட்டு அரிசி யார் பொறுப்பு? எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.

பொழுது சாய வயலுக்குப் போய்விடுங்கள். முளைக்குச்சி அடித்து, சுற்றிலும் வலை கட்டி, ஆடுகளை உள்ளே அடைப்பார்கள். மறுநாள் வலையைப் பெயர்த்து, ஒட்டினாற்போல அடுத்த துண்டில் கட்ட வேண்டும். முதல் நாளே நான்கு மூலையையும் காட்டிக்கொடுங்கள். ஒரே துண்டில் இரண்டு மூன்று இரவு கிடந்தால் அங்கே பயிர் மதர்த்துச் சாயும். விட்டுப்போன மூலை வெளுத்துக் கிடக்கும்.

தனிப் பனையடியில் படுக்க விடாதீர்கள். கோடையில் இடி விழும். பெண்கள் வந்திருந்தால் மோட்டார் கொட்டகைச் சாவியைக் கையில் கொடுங்கள், வெளியே ஒரு விளக்குப் போடுங்கள். பாம்பு கடித்தால் மந்திரம், பச்சிலை வேண்டாம்; 108-ஐக் கூப்பிட்டு நேரே காரைக்கால் அரசு மருத்துவமனை.

கிடை கிளம்பும் காலையிலேயே பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். அடுத்த ஊருக்கு நடப்பவர்களைப் பத்து நாள் கழித்து வாங்கிக்கொள்ளச் சொல்வது அநியாயம். எருவை வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும், அதனால் தாமதிக்காமல் உழுதுவிடுங்கள். குறுவைக்கு முன் மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைக் காட்டி, யூரியாவை எவ்வளவு குறைக்கலாம் என்று கேளுங்கள்.