மண்வெட்டியை எப்போது நிறுத்துவது?

கேள்வி: இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் இருக்கிறேன். ஒரு விவசாயியிடம் அனுமதி வாங்கி, அறுவடை முடிந்த அவர் வயலில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பது வழக்கம். போன வாரம் ஓரிடத்தில் கருவியின் அடியிலுள்ள காயிலை எந்தப் பக்கம் ஆட்டினாலும் சத்தம். திரையில் வெள்ளிக்காசுக்கு வருவது போன்ற பெரிய எண். ஆழம் நான்கு அங்குலம் என்றது. ஒரு அடி தோண்டியும் ஒன்றும் இல்லை. கருவியில் கோளாறா?
– இப்ஸ்விச் வாசகர்

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கிறது. அது ஆழத்தை நேரடியாக அளப்பதில்லை. திரும்பி வரும் சிக்னலின் பலத்தைப் பார்த்து, கீழே இருப்பது ஒரு காசு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. காசு போன்ற சிறு பொருளின் சிக்னல் தூரத்தின் ஆறாம் அடுக்கில் தேயும். தூரம் இரட்டித்தால் பலம் 64-ல் ஒரு பங்காகிவிடும். எனவே ஆழத்தில் கிடக்கும் காசு கருவிக்கு எட்டாது. ஆனால் தவலை அளவுள்ள பொருள் இரண்டடிக்குக் கீழே இருந்தாலும் பலமாகக் கேட்கும். கருவி அதை மேலாகக் கிடக்கும் காசு என்று எடுத்துக்கொள்ளும்.

எண்ணும் ஏமாற்றும். காயிலின் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதன் எதிரொலி எவ்வளவு பிந்தி வருகிறது என்பதிலிருந்து எண் பிறக்கிறது. ஆணியைக் கருவி இரும்பென்று எளிதில் இனம் கண்டுகொள்ளும். தகரம், கோடாரித் தலை, கலப்பைக் கொழு போன்ற அகன்ற இரும்பில் சுழல் மின்னோட்டம் ஓங்கிவிடுவதால், அது வெள்ளியைப் போலவே எண் காட்டும்.

கேள்வி: அப்படியானால், தோண்டும் முன்பே பொருள் பெரிதா என்று அறிய வழி உண்டா?

பதில்: உண்டு. காயிலைத் தரையிலிருந்து மெல்ல உயர்த்துங்கள். காசு என்றால் ஒரு சாணுக்குள் சத்தம் அடங்கிவிடும். முழங்கால் உயரத்திலும் கேட்டால் அது காசில்லை.

அடுத்து நான்கு திசைகளிலிருந்தும் நெருங்கி, சத்தம் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு குச்சி நடுங்கள். குச்சிகளுக்கு நடுவே உள்ள பரப்பு பொருளின் உருவத்தை ஏறக்குறைய சொல்லிவிடும். ஆழத்தில் இருப்பது மட்டும் சற்றுப் பெருத்துத் தெரியும். வட்டமாக வந்தால் பாத்திரமோ தகடோ இருக்கலாம். நேர்கோடாக நீண்டு போனால் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ இருக்கலாம். அங்கே மண்வெட்டி வேண்டாம், விவசாயியிடம் கேளுங்கள். தொண்ணூறு பாகை திரும்பி நின்று காயிலை ஆட்டும்போது எண் தாவினாலோ, மையம் நகர்ந்தாலோ பெரும்பாலும் இரும்புதான்.

கேள்வி: பெரிய சிக்னல் எல்லாம் இரும்புதான் என்று விட்டுவிடலாமா?

பதில்: பத்தில் ஒன்பது அப்படித்தான் போகும் என்று எண்ணித் தோண்டுவது நல்லது. ஆனால் விட்டுவிடாதீர்கள். பானைக்குள் நெருக்கமாகக் கிடக்கும் காசுகளும் ஒரே பெரிய பொருளாகத்தான் ஒலிக்கும்.

2010-ல் சோமர்செட்டின் ஃபுரோம் அருகே டேவ் கிறிஸ்ப் என்பவர் வழக்கத்துக்கு மாறான ஒரு சிக்னலைத் தோண்டினார். சில காசுகளும் ஒரு பானையின் மேற்பகுதியும் தெரிந்தன. அவர் அத்தோடு நிறுத்தி, தொல்லியலாளர்களை அழைத்தார். உள்ளே இருந்தவை 52,503 ரோமானியக் காசுகள். அடுக்கடுக்காக எடுத்ததால் எந்தக் காசு எந்த மட்டத்தில் இருந்தது என்று பதிவாயிற்று. பிற்காலத்துக் காசுகள் பானையின் மேல்மட்டத்தில் மட்டும் இல்லாமல் நடுவிலும் இருந்தன. அதனால் பானை ஆண்டுக்கணக்கில் நிரம்பிய உண்டியல் இல்லை, ஒரே தடவையில் நிரப்பப்பட்டது என்று ஆய்வாளர்கள் கருதினர். ஆசைப்பட்டு அள்ளியிருந்தால் வெறும் காசுக் குவியல்தான் மிஞ்சியிருக்கும்.

உங்கள் சஃபோக்கிலேயே இன்னொரு முன்னுதாரணம் இருக்கிறது. 1992-ல் ஹாக்ஸ்னில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப்போன எரிக் லாஸுக்கு ரோமானியப் பொன்னும் வெள்ளியும் கிடைத்தன. அவரும் பாதியில் நிறுத்தித் தகவல் சொன்னார். அந்தச் சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதையலாக இருக்கக்கூடிய பொருள் கிடைத்தால் 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் வட்டாரக் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் சொன்னால் வழிகாட்டுவார்.

கேள்வி: ஆபத்து ஏதும் உண்டா?

பதில்: உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது கிழக்கு இங்கிலாந்தெங்கும் விமானத் தளங்கள் இருந்தன. வெடிக்காத குண்டுகள் இன்னும் அகப்படுகின்றன; அவையும் பெரிய இரும்பாகத்தான் ஒலிக்கும். உருளை வடிவமோ துடுப்புகளோ தெரிந்தால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். விலகிப்போய் 999-ஐ அழையுங்கள்.

கேள்வி: ஊருக்கு வரும்போது எங்கள் தோட்டத்தில் தேடிப் பார்க்கலாமா?
– தஞ்சாவூரைச் சொந்த ஊராகக் கொண்ட வாசகர்

பதில்: சொந்த நிலம் என்பதால் கிடைப்பதெல்லாம் சொந்தமாகிவிடாது. 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியரிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிமம் இல்லாமல் தோண்டவே கூடாது. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காகப் பள்ளம் எடுத்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும் நானூறுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிப்பட்டன. டெல்டா மண்ணில் பெரிய சிக்னல் கேட்டால் அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் விளிம்பு தெரிந்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.