அவள் இருந்த இடத்தில் ஒரு வாள்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஓவியர் தன்னையே வரைவதில் என்ன கற்பனை இருக்கிறது, கண்ணாடியைப் பார்த்து அப்படியே வரைய வேண்டியதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுப்படையாகப் பதில் சொல்வதைவிட, ஒரே ஒரு ஓவியத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் ‘காயமுற்ற மனிதன்’ என்றொரு படம் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய தன்னுருவம். அகலம் மூன்றடிக்குச் சற்றே கூடுதல். மரத்தடியில் தாடி வைத்த இளைஞர் சாய்ந்து கிடக்கிறார். வெள்ளைச் சட்டையில், நெஞ்சருகே சிவப்புக் கறை. பக்கத்தில் வாள். மேலே போர்த்திய அங்கியை ஒரு கை பற்றியிருக்கிறது. கண்கள் மூடியிருக்கின்றன.

உங்கள் கண்ணாடி இங்கேயே கைவிட்டுவிடுகிறது, பாருங்கள். கண்ணை மூடினால் கண்ணாடியில் என்ன தெரியும்? தூங்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று கண்ணாடியில் கண்டவர் எவருமில்லை. அதைக் கூர்பே மனத்தால்தான் வரைந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1844 வாக்கில் அவர் இதைத் தொடங்கியபோது காயமும் இல்லை, வாளும் இல்லை. அவர் தோளில் ஒரு பெண் தலைசாய்த்திருந்தாள். காதலர் இருவர் மரத்தடியில் கண்ணயர்ந்த காட்சி அது. அவள் விர்ஜினி பினேயாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கூர்பேயின் மகனுக்குத் தாய் அவர். 1850-களின் தொடக்கத்தில் மகனோடு பிரிந்து போய்விட்டார். 1854-ல் கூர்பே பழைய படத்தை எடுத்து, அவள் இருந்த இடத்தை வண்ணத்தால் மூடினார். அங்கே வாள் வந்தது. சட்டையில் ரத்தம் வந்தது. தன் முகத்தை விட்டுவைத்தார். காதலில் கண்ணயர்ந்த அதே முகம், ஒரு கறை சேர்ந்ததும் சாகக் கிடக்கும் முகமாகிவிட்டது.

எண்ணெய் வண்ணம் எதையும் அழிப்பதில்லை; மேலே மூடத்தான் செய்யும். அக்காலத்தில் சருமத்தின் வெளிர் நிறத்துக்கு ஈய வெள்ளையைக் கலப்பார்கள். ஈயம் எக்ஸ்ரே கதிரைத் தடுத்துவிடும். அதனால் 1973-ல் படத்தை எக்ஸ்ரே எடுத்தபோது, அடியில் இருந்த அவள் தலை தெரிந்தது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-ல். கூர்பே இறந்தது 1877 டிசம்பர் 31 அன்று. தான் மூடியதை ஒருநாள் யாரோ பார்ப்பார்கள் என்று அவர் எண்ணியிருக்க வழியே இல்லை.

கூர்பேக்குத் தற்பெருமை அதிகம் என்பார்கள், மறுக்க மாட்டேன். இளமையில் தன்னைத் திரும்பத் திரும்ப வரைந்தவர் அவர். ஆனால் இந்தப் படத்தில் பெருமை எங்கே இருக்கிறது? தோற்றுக் கிடக்கும் மனிதனாகத்தான் தன்னைத் தீட்டியிருக்கிறார்.

படம் கடைசிவரை அவரிடமே இருந்தது. 1881-ல் பிரெஞ்சு அரசு அதை ஏலத்தில் வாங்கியது. அந்த வண்ணத்துக்கு அடியில் அவளும் வந்திருக்கிறாள் என்பதை வாங்கியவர்கள் அன்று பார்த்திருக்க முடியாது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்