720720 - பெரிய எண்ணும் அதன் காரணிகளும்



மாதிரிப் பரீட்சையொன்றில் "720720 ஆனது 13 ஆல் மீதியின்றி வகுபடுமா?" எனக் கேட்டிருந்தேன். கெட்டிக்கார மாணவி ஒருவர் நீண்ட வகுத்தலில் இறங்கி, இடையில் ஓரிடத்தில் பிழையாகக் கழித்து, "வகுபடாது" என எழுதிவிட்டார். புள்ளியும் போயிற்று, நேரமும் போயிற்று.

எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். 720 இரு தடவை எழுதப்பட்டுள்ளது. ஆகவே,

720720 = 720000 + 720 = 720 × 1001

1001 = 7 × 11 × 13 என்பதை மனனஞ் செய்து கொள்ளுங்கள். 720 = 2⁴ × 3² × 5. எனவே,

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

13 கண்முன்னே நிற்கிறது. வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. (நான் கலைப் பட்டதாரி. நீண்ட வகுத்தல் எனக்கும் பிடிக்காது.) 17 இங்கு இல்லை, ஆகவே 17 ஆல் வகுபடாது.

1 முதல் 16 வரையுள்ள எல்லா எண்களாலும் இது வகுபடும். அத்தகைய எண்களுள் மிகச் சிறியதும் இதுவே. அதாவது 1 தொடக்கம் 16 வரையான எண்களின் பொ.ம.சி. 720720 ஆகும். ஒரு 2 ஐ நீக்கினால் 360360 வரும். அது 16 ஆல் வகுபடாது. ஒரு 3 ஐ நீக்கினால் வரும் 240240 ஆனது 9 ஆல் வகுபடாது.

பலர் வழுக்கி விழும் இடம் இனித்தான். இவ்வெண் 16 ஆலும் 6 ஆலும் வகுபடுகிறது. அப்படியாயின் 16 × 6 = 96 ஆலும் வகுபடுமா? வகுபடாது. 96 = 2⁵ × 3. நம்மிடம் நான்கு 2 களே உள்ளன. 16 இற்கும் 6 இற்கும் 2 பொதுக் காரணியாக இருப்பதால் அவற்றைப் பெருக்கி முடிவு கூற முடியாது. 16, 9 என்பவற்றுக்கு 1 ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லை. ஆகவே 144 ஆல் நிச்சயம் வகுபடும்.

மொத்தக் காரணிகள் எத்தனை? ஒரு காரணியை ஆக்கும்போது 2 ஐ எடுக்காமலும் விடலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு தடவைகளும் எடுக்கலாம். ஐந்து வழிகள். எனவே ஒவ்வொரு சுட்டியுடனும் 1 ஐக் கூட்டிப் பெருக்குக:

5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240

"எடுக்காமல் விடுவது" என்ற வழியை மறப்பவர்கள் 4 × 2 = 8 என எழுதுகிறார்கள்.

நிறைவர்க்கமாக்க எதனாற் பெருக்க வேண்டும்? சுட்டி ஒற்றையாக உள்ளவை 5, 7, 11, 13. ஆகவே 5005 ஆற் பெருக்குக. வரும் எண்ணின் வர்க்கமூலம் 60060.

பயிற்சி: 504504 இன் முதன்மைக் காரணிகள், மொத்தக் காரணிகளின் எண்ணிக்கை, நிறைவர்க்கமாக்கப் பெருக்க வேண்டிய மிகச் சிறிய எண் என்பவற்றைக் காண்க. (7 எத்தனை தடவை வருகிறது எனக் கவனிக்க.)

விடை: 2³ × 3² × 7² × 11 × 13, 144, 286