பணத்துக்கும் போலீஸுக்கும் ஒரு புத்தகம் வேண்டும்

டி20 மாடர்ன் விளையாடுகிறவர்களிடம் புதிதாக என்ன துணைநூல் வரவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் ஆயுதம், இன்னும் கொஞ்சம் பூதம் என்பார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். பூதங்களுக்கு 2003-இலேயே மெனஸ் மேனுவல் வந்துவிட்டது, ஆயுதங்களுக்கு மறுவருடம் வெப்பன்ஸ் லாக்கர். எனக்கு வேண்டியது பணத்தைப் பற்றி ஒரு புத்தகம், போலீஸைப் பற்றி ஒன்று, செல்போனைப் பற்றி ஒன்று. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோது என் மேஜையில் நடந்தது அவர்கள் மேஜையில் நடந்திருந்தால் சிரிக்க மாட்டார்கள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2002-இல் வந்த கதாபாத்திர விளையாட்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பின் விதிகளை, அந்த 20 முகப் பகடையோடு, இன்றைய நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். மந்திரவாதி, போர்வீரன் எல்லாம் தொடக்கத்தில் கிடையாது. பலசாலி, வேகக்காரன், தாக்குப்பிடிப்பவன், புத்திசாலி, அக்கறைக்காரன், வசீகரக்காரன் என்று ஆறு வகை நாயகர்கள். கூடவே டாக்டர், மாணவர், போலீஸ் மாதிரி ஒரு தொழில். ஒரே அடியில் உங்கள் கான்ஸ்டிடியூஷன் எண்ணைத் தாண்டும் அளவுக்குக் காயம் பட்டால், பகடை கைவிட்டால், அந்த இடத்திலேயே சாய்ந்துவிடுவீர்கள். எத்தனை லெவல் ஏறினாலும் துப்பாக்கி பயமுறுத்தும். அருமையான விதி. நான் இந்த விளையாட்டுக்கு எதிரி இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி வெல்த் விதி. இந்த விளையாட்டில் யாரும் டாலரை எண்ணுவதில்லை. ஒவ்வொரு கேரக்டருக்கும் வெல்த் போனஸ் என்று ஓர் எண். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலை எண். செல்போனுக்கு 9, க்ளாக் துப்பாக்கிக்கு 18. பகடையை உருட்டி, போனஸைக் கூட்டி, விலை எண்ணைத் தொட்டால் பொருள் உங்களுடையது. விலை எண் உங்கள் போனஸைவிடப் பெரிதாகவோ, 15 அல்லது அதற்கு மேலாகவோ இருந்தால் போனஸ் கொஞ்சம் குறையும். இரண்டும் இல்லையென்றால்? உருட்டவே வேண்டாம், போனஸும் குறையாது. எத்தனை தடவை வாங்கினாலும் குறையாது.

என் அறைத்தோழன் இந்த வரியை எங்கள் எல்லோருக்கும் முன்பே படித்துவிட்டான். அவன் எடுத்த தொழில் டிலட்டான்ட், அதாவது வேலைவெட்டி இல்லாத பணக்காரப் பிள்ளை, அதற்கு +6. விண்ட்ஃபால் என்ற ஃபீட், அதாவது சிறப்புத் திறன், அதற்கு +3. இரண்டு நான்குமுகப் பகடைகளில் 6 விழுந்தது. முதல் இரவிலேயே போனஸ் 15. போலீஸ்காரியாக விளையாடிய தோழிக்குத் தொழிலால் கிடைத்ததோ வெறும் +1.

அந்த இரவில்தான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "புத்தகத்தில் இருப்பதெல்லாம் செல்லும்." எனக்கு இவ்வளவு செலவு வைத்த வாக்கியம் வேறு இல்லை. விளையாட்டை நடத்துகிற எல்லா கேம் மாஸ்டரும் சொல்வதுதான், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். புத்தகம் எழுதியவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருப்பார்கள் என்று நம்பிச் சொல்வது.

துறைமுகக் கிடங்கில் கன்டெய்னர்கள் காணாமல் போகின்றன, காவலாளிகளுக்கு நடந்தது நினைவில்லை, இதுதான் கதை. அர்பன் ஆர்கானா துணைநூலில் ஷேடோ என்று ஒரு கருத்து உண்டு: வேறு உலகத்திலிருந்து வரும் ஜந்துகளைச் சாதாரண மக்கள் பார்த்தாலும் மனது அதை ஏற்காது, மறைத்துவிடும். அதை வைத்து வாரக்கணக்காக உட்கார்ந்து தடயங்கள் எழுதியிருந்தேன். போலீஸ்காரி காவலாளிகளை விசாரிக்க வேண்டும், ஆம்புலன்ஸ்காரராக விளையாடிய நண்பர் அவர்கள் உடலைப் பரிசோதிக்க வேண்டும். நம்மவன் டைனமைட் வாங்கினான். லைசென்ஸ் வேண்டுமே என்றேன். "லைசென்ஸுக்கும் விலை எண் இருக்குடா, வெறும் 10. எனக்கு ஃப்ரீ." பிறகு இன்னொரு பெட்டி. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றும் அவனுடைய எண்ணுக்குக் கீழே. கிடங்கு போனது, தடயங்கள் போயின, உள்ளே இருந்த ஜந்துவும் ஒரு வார்த்தை பேசாமல் போனது.

சரி, போலீஸ் வரட்டும் என்றேன். "எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டான். எந்தப் பக்கத்திலும் இல்லை. எந்தத் துப்பாக்கி எத்தனை பகடை அடிக்கும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. கட்டடத்தைத் தகர்த்தவனைத் தேடி எப்போது யார் வருவார்கள் என்று கணக்குப் போட வழியில்லை. நான் வாயில் வந்ததைச் சொன்னேன். பழிவாங்குகிறேன் என்றான். போலீஸ்காரியும் ஆம்புலன்ஸ்காரரும் அடுத்த சனிக்கிழமையிலிருந்து வரவில்லை. இன்றைக்கும் எங்காவது கல்யாணத்தில் பார்த்தால், "உனக்கு கேம் நடத்தத் தெரியலை மச்சி" என்கிறான். விதியில் ஓட்டை இருந்தால் அதில் லாரி ஓட்டுகிறவனுக்கு விளையாடத் தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. இங்கே கேட்டுவிட்டேன்.

பிறகு வந்த துணைநூல்களில் இதற்கு மருந்து தேடினேன். 2004-இல் ஃபியூச்சர். 2005-இல் பாஸ்ட், அபோகலிப்ஸ், சைபர்ஸ்கேப். பெயரில் மாடர்ன், புத்தகங்களோ வருங்காலம், கடந்தகாலம், உலகம் அழிந்த பின் என்று நிகழ்காலத்தைத் தவிர எல்லாக் காலத்துக்கும். 2006-இல் வந்த கிரிட்டிக்கல் லொக்கேஷன்ஸ் மட்டும் உருப்படி. அன்றாட இடங்களின் வரைபடங்கள் கிடைத்தன. 2008-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்புக்குப் போனது, இந்த வரிசை அத்தோடு நின்றது. அதன் வாரிசு என்று பலரும் சொல்லும் எவ்ரிடே ஹீரோஸ் 2023-இல் வந்தபோது ஆவலோடு பார்த்தேன். அதற்குத் துணைநூல்களாக வந்தவை ரம்போ, ஹைலேண்டர், த க்ரோ, எல்லாம் சினிமா.

ஆகவே நானே எழுதிக்கொண்டேன். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மேஜையிலும் என் அறைத்தோழன் மாதிரி ஒருவன் இருக்கத்தான் செய்வான்.

பணம்: ஒரு கதை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரே ஒரு பொருள்தான் இலவசம். இரண்டாவது பொருளுக்கு, விலை எண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், போனஸில் 1 போகும். லைசென்ஸ் தேவைப்படும் எதையும் பகடையால் வாங்க முடியாது. ஓர் அலுவலகம், ஓர் அதிகாரி, ஒரு பொய் என்று ஒரு காட்சி நடித்தாக வேண்டும். ஏழைக் கேரக்டருக்கு அங்கே வேலை வரும்: போலீஸ்காரி ஒரு போன் செய்தால் முடிகிற காரியம் பணக்காரப் பிள்ளைக்கு நாள் முழுக்க இழுக்கும்.

போலீஸ்: "சத்தம்" என்று ஓர் எண் வைத்திருக்கிறேன். பொது இடத்தில் துப்பாக்கி வெடித்தால் 1, யாராவது வழிப்போக்கருக்கு அடிபட்டால் 2, வெடிகுண்டுக்கு 3. கதைக்குள் ஒவ்வொரு நாள் முடிவிலும் ஆறுமுகப் பகடையை எல்லோர் கண்முன்னும் உருட்டுவேன். சத்தத்துக்குச் சமமாகவோ கீழேயோ விழுந்தால் மறுநாள் காலை கதவு தட்டப்படும். கண்முன் உருட்டுவது முக்கியம். பழிவாங்குகிறாய் என்று யாரும் சொல்ல முடியாது.

செல்போன்: 2002-இல் அது பேசுகிற கருவி. இப்போது வரைபடம், கேமரா, யார் எங்கே இருந்தார் என்ற சாட்சி, எல்லாம் அதுதான். சிக்னல் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்லாதீர்கள், இரண்டாம் தடவையே பிடித்துவிடுவார்கள். போனில் தேடினால் கிடைப்பதை எல்லாம் கதையின் தொடக்கத்திலேயே தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். போனில் கிடைக்காததைச் சுற்றித் துப்பு அமையுங்கள்.

வீட்டைப் பற்றியும் ஒன்று வேண்டும். டெல்டா கிரீன் என்ற விளையாட்டைப் பாருங்கள். 1997-இல் கால் ஆஃப் கதுலுவுக்குத் துணைநூலாக வந்து, பிறகு தனி விளையாட்டாக வளர்ந்தது. அதில் மனைவி, பிள்ளை, நண்பன் என்று ஒவ்வொரு உறவுக்கும் ஓர் எண் உண்டு. மனம் உடையும் அதிர்ச்சியை அந்த உறவின் மேல் இறக்கித் தப்பிக்கலாம், உறவு தேயும். ஒரு பணிக்கும் அடுத்த பணிக்கும் நடுவே வீட்டுக் காட்சி. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். வெட்கமில்லை.

டி20 மாடர்னின் அடிப்படை விதிகள் திறந்த உரிமத்தில் வெளிவந்தவை. அந்த உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு யார் வேண்டுமானாலும் துணைநூல் எழுதி விற்கலாம். என்னிடம் உள்ளவை கைப்பிரதிப் பக்கங்கள்தான். பொறுமை உள்ள யாராவது புத்தகமாக எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குகிறேன். வாடகை, ஜாமீன், மருத்துவமனை பில் மூன்றுக்கும் அட்டவணை இருக்க வேண்டும். அட்டைப்படம்கூட வேண்டாம்.