சில்லைப் பிடிக்கும் கம்பி

கேள்வி: எனது ரேஸ் சைக்கிளின் சில்லுகளுக்கு மிக இலேசான டைட்டேனியம் குயிக் ரிலீஸ் கம்பிகளைப் பூட்டலாமா? கினிகத்தேனை ஏற்றத்துக்கு அவை உதவுமா?
– வாசகர், யட்டியாந்தோட்டை

பதில்: சாதாரண உருக்குக் கம்பிகள் சோடியாக ஏறத்தாழ 120 கிராம் நிறையுடையன என்றும், டைட்டேனியத்தில் செய்தவை 50 கிராமுக்கும் குறைவாகக் கிடைப்பதுண்டு என்றும் கொண்டால், நீங்கள் குறைக்கும் பாரம் போத்தலிலுள்ள சில மிடறு நீருக்குச் சமானமே. இத்தாலிய ஓட்டவீரர் துல்லியோ கம்பஞோலோ 1930களில் வழக்கிற்குக் கொணர்ந்த இச்சாதனத்தின் பிரதான தர்மம் இறுகப் பிடித்தலாகும். இலேசானவற்றுள் பெரும்பாலானவை, நெம்புகோலைத் திருப்பும்போது கம்பியை இறுக்கும் காம் (cam) வெளியே தெரியும்படி அமைந்தவை; மழையும் சேறும் மிகுந்த உங்கள் பிரதேசத்தில் அந்தக் காம் அழுக்கேறி உராய்வு மிகுமாதலால், கை அதே பலத்துடன் அழுத்தினாலும் பிடிமானம் குறைந்துவிடும். முன்சில்லில் டிஸ்க் பிரேக் இருப்பின், பிரேக்கின் விசையே சில்லைக் கவையிலிருந்து வெளியே தள்ள முயலும் என்பதால், கித்துல்கலை நோக்கிய இறக்கத்தில் அபாயம் இன்னும் அதிகம்.

ஆகவே, காம் உள்ளே மூடப்பட்ட உருக்குக் கம்பியையே தெரிந்தெடுங்கள். நெம்புகோல் சட்டத்துக்கு நேர் வெளியே நீட்டிநிற்கும் நிலையில் இறுக்கம் தொடங்கி, முற்றாக மூடும்போது உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். ஏற்றத்தில் லாபம் விரும்பினால், அந்தப் பணத்தை நல்ல டயர்களில் செலவிடுங்கள்.